வெளி மை ஊற்றினால் வாரண்டி போய்விடுமா? – கேள்வி பதில்

கும்பகோணத்தில் 22 ஆண்டுகளாகப் பிரிண்டர் பழுது பார்க்கிறேன். பிரிண்டர் தயாரித்த நிறுவனம் அல்லாத வேறு நிறுவனம் தன் சொந்தப் பெயரில் விற்கும் மையை இங்கே வெளி மை என்கிறேன். அசல் நிறுவனத்தின் பெயரை ஒட்டி விற்பது போலி. அதை வாங்கவே வேண்டாம்.

மன்னார்குடி, ஜெராக்ஸ் கடை: ஐயா, இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கி 8 மாதம் ஆகிறது. வெளி மை ஊற்றினேன். கறுப்பு வரவில்லை. வேறு மை ஊற்றியதால் வாரண்டியே கிடையாது என்று சர்வீஸ் சென்டரில் கையை விரித்துவிட்டார்கள்.

பதில்: தம்பி, முதலில் வாரண்டி அட்டையைப் படியுங்கள். வெளி மையால் வந்த பழுதுக்குப் பொறுப்பில்லை என்பது வேறு, வெளி மை ஊற்றினாலே வாரண்டி ரத்து என்பது வேறு. எச்.பி. நிறுவனத்தின் வாசகம் முதல் வகை. வெளி கார்ட்ரிட்ஜ் போட்டதால் மட்டும் வாரண்டி போகாது; பழுதே அதனால்தான் என்றால் செலவு உங்களுடையது. காகிதம் இழுக்கும் ரோலர் தேய்ந்ததற்கும் மைக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் பழுது ஹெட்டில், அதாவது காகிதத்தில் மையைத் தெளிக்கும் பாகத்தில், இருக்கலாம். அங்கே மை காரணமாக இருக்க வாய்ப்பு உண்டு, அதை மறைக்க மாட்டேன். எந்தப் பாகம் போயிற்று, மை எப்படிக் காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். மை வாங்கிய பில்லையும் காலி பாட்டிலையும் தூக்கி எறியாதீர்கள்.

போன தை மாதம் பாபநாசத்திலிருந்து ஒருவர் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் பிரிண்டரைக் கொண்டுவந்தார். பிக்மென்ட் இருந்த கறுப்பு டேங்கில் டை மையை ஊற்றிவிட்டார். டை என்பது நீரில் கரைந்த சாயம். பிக்மென்ட் நீரில் மிதக்கும் நுண்துகள். குழாயைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டினேன். திரிந்த பால் போல விழுந்தது. நடுவில் கறுப்புக் கட்டி, சுற்றிலும் நீலம் பாரித்த தண்ணீர். மை நல்ல மைதான், வகை மாறிவிட்டது.

திருவாரூர், சட்டம் படிப்பவர்: அமெரிக்காவில் 1975-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. நிறுவனம் மறுக்கவே முடியாது.

பதில்: அது மேக்னசன்-மாஸ் சட்டம். இலவசமாகக் கொடுத்தாலொழிய, 'என் மையைத்தான் ஊற்ற வேண்டும்' என்று வாரண்டிக்கு நிபந்தனை போடக் கூடாது என்பது அதன் பொது விதி. தஞ்சாவூரில் அது செல்லாது. நமக்கு இருப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஒன்றை வாங்க இன்னொன்றையும் வாங்கியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை, கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்று அது வகைப்படுத்துகிறது. அந்த வாதத்தை வைக்கலாம். ஏற்பதும் தள்ளுவதும் நுகர்வோர் ஆணையத்தின் கையில்.

பட்டுக்கோட்டை, பிரிண்டர் விற்பவர்: கண்டதை ஊற்றிவிட்டுப் புது ஹெட் கேட்பது நியாயமா?

பதில்: ஹெட்டைக் கெடுத்தது மைதான் என்றால் நியாயமில்லை. ஆனால் திருகைக்கூடக் கழற்றாமல், டேங்கை எட்டிப் பார்த்தே திருப்பி அனுப்புகிறார்களே, அது நியாயமா? போர்டு கோளாறான பிரிண்டரையே அப்படி அனுப்பியதைக் கண்ணால் பார்த்தேன். நெல் கொள்முதல் நேரத்தில் சிட்டா, அடங்கல் நகலுக்கு விவசாயிகள் வாசலில் நிற்பார்கள். அப்போது பிரிண்டர் இல்லாத கடைக்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பில் இல்லாமல் போகாதீர்கள்.

சீர்காழி: எந்த வெளி மை விலை குறைவு?

பதில்: விலையைப் பார்த்து மை வாங்காதீர்கள். உங்கள் மாடல் எண் பாட்டிலில் இருக்கிறதா, டையா பிக்மென்டா என்று பாருங்கள். பில், பாட்டில் இரண்டும் பத்திரம்.

நாகப்பட்டினம்: லேசர் பிரிண்டரின் 12ஏ மாடல் கார்ட்ரிட்ஜில் டோனர் (மைத்தூள்) நிரப்பலாமா?

பதில்: உள்ளே சுழலும் டிரம் உருளையில் கீறல் இல்லையென்றால் நிரப்பலாம். கழிவுத் தூளைக் கொட்டாமல் நிரப்புபவரிடம் கொடுக்காதீர்கள்.

திருவையாறு: மலிவான மை எது?

பதில்: சீர்காழிக்காரருக்குச் சொன்னதுதான். இந்தக் கேள்விக்கு இனிப் பதில் எழுத மாட்டேன்.

மயிலாடுதுறை: வரி வரியாக வருகிறது. ஹெட் கிளீனிங் 11 முறை கொடுத்துவிட்டேன்.

பதில்: உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் மை கழிவுப் பஞ்சுக்குப் போகிறது. அது நிறைந்தால் பிரிண்டரே நின்றுவிடும். ஓர் இரவு சும்மா விட்டு, காலையில் ஒரே ஒரு முறை கொடுங்கள்.

மன்னார்குடி, ஜெராக்ஸ் கடை: ஐயா, எழுதிக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்துச் சொல்கிறோம், கொண்டுவாருங்கள் என்கிறார்கள். டேங்கில் இருக்கும் மையை வடித்துவிட்டு எடுத்துப் போகவா?

பதில்: வடிக்காதீர்கள் தம்பி, அந்த மைதான் உங்கள் சாட்சி. பஸ்ஸில் சாய்த்துப் போடாமல், மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு போங்கள்.