கமரா யார் கையில்?

கேள்வி: யூடியூப், டிக்டொக் வந்த பிறகு நிறம், இனம் பார்க்காமல் திறமை உள்ள எவரும் புகழ் பெறலாம் என்கிறார்களே, எங்கட வன்னிப் பிள்ளைகளுக்கும் அது சரிவருமா?
– வாசகி ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: பாதி சரிவரும். அமெரிக்காவில் இசா ரே என்ற கறுப்பினப் பெண் 2011இல் தன் தொடரைத் தானே எடுத்து யூடியூபில் போட்டார். 2016இல் எச்பிஓ தொலைக்காட்சியில் அவருக்கென்றே ஒரு தொடர் வந்துவிட்டது. மிசிசாகாவில் ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், ஊர் நூலகத்தில் எடுத்த வீடியோவை அனுப்பித்தான் சுமார் 15,000 பேருக்குள் தெரிவாகி நெட்பிளிக்ஸ் நாயகியானார். பழைய காலத்தில் இவர்களைக் கலையகத்தின் வாசல் காவலாளியே திருப்பி அனுப்பியிருப்பார்.

மறுபாதிக்கு வருவோம். 2019இல் ஜலாயா ஹார்மன் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுமி ‘ரெனகேட்’ நடனத்தை அமைத்தார். அதை டிக்டொக்கில் ஆடிப் பெயர் வாங்கியவர்கள் வேறு ஆட்கள், பெரும்பாலும் வெள்ளையினத்தவர். உண்மையில் யாருடைய நடனம் என்று 2020இல் பத்திரிகை எழுதிய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. பார்ப்பவர்கள் எந்த முகத்தில் நிற்கிறார்களோ, அந்த முகத்தையே, வீடியோக்களைத் தெரிந்து காட்டும் இந்த இயந்திரம் மேலும் பலருக்குக் காட்டும். பார்ப்பவர்கள் நாங்கள்தானே?

எங்கள் பக்கக் கதை இன்னும் மோசம். வன்னி முகங்கள் யூடியூபில் நிறையவே தெரிகின்றன, அழுதபடி. கணவனை இழந்த ஒரு தாயின் கொட்டிலுக்குள் கமராவோடு ஒருவர் நுழைவார். கடைசியாக எப்போது சோறு சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். கண்ணீர் வரும் வரை விடமாட்டார். கனடாவிலும் சுவிசிலும் இருப்பவர்கள் பார்த்துவிட்டுக் காசு அனுப்புவார்கள். சில வீடுகளில் அதனால் கிணறும் கூரையும் வந்ததை மறுக்கமாட்டேன். ஆனால் பிரபலமாகிறவர் கமராக்காரர். கிளிநொச்சியில் ஒருவர் பார்ப்பதைவிடக் கனடாவில் ஒருவர் பார்த்தால் விளம்பரக் காசு கூட. அந்தத் தாயின் மகள் பள்ளிக்கூடம் போனால், கூடப் படிக்கிற பிள்ளைகளின் போனில் அம்மா அழுதுகொண்டிருப்பார்.

சொந்தமாகச் சனல் தொடங்கும் பிள்ளைகளோ, முகத்தை வெளிறடிக்கும் பில்டரைப் போட்டுக்கொண்டு சென்னைத் தமிழில் வணக்கம் சொல்கிறார்கள். இரணைமடு வெயிலில் கறுத்த முகத்துக்கு என்ன குறை? நந்திக்கடலில் இறால் பிடிப்பதை, வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சனம் நடந்து போவதைத் தங்கள் பேச்சிலேயே காட்டட்டும். பணம் உடனே வராது. யூடியூபில் நீள வீடியோ போடுபவர்களுக்கு விளம்பரக் காசு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும் ஒரு வருடத்துக்குள் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். அதற்குள் பலர் களைத்துவிடுகிறார்கள், அதுவும் உண்மை.

சரி, பிள்ளைகள் பழகும்வரை நீங்கள் ஒன்று செய்யலாம். அடுத்த முறை யாராவது கமராவோடு உங்கள் ஊருக்கு வந்தால், விளம்பரக் காசில் அந்த வீட்டுக்கு எவ்வளவு என்றும், நீக்கச் சொன்னால் வீடியோவை நீக்கிவிடுவீர்களா என்றும் கேளுங்கள். அவருடைய கமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே கேளுங்கள்.