முதலாளியின் லைசென்ஸ் நமக்கு உதவுமா?

கேள்வி: பெஸ்ட் கன்ட்ரோல் கம்பெனி ஒன்றில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன். கரையான், கரப்பான், குடோனில் தானியப் பூச்சிக்கு வாயு மாத்திரை போடுவது எல்லாமே அத்துப்படி. பி.எஸ்சி. விலங்கியல் படித்திருக்கிறேன். இப்போது தனியாகத் தொழில் தொடங்க ஆசை. இவ்வளவு அனுபவம் இருக்கும்போது லைசென்ஸ் வெறும் சம்பிரதாயம்தானே?
- சேலம் வாசகர்

பதில்: சம்பிரதாயம் என்று யார் சொன்னார்கள்? இத்தனை நாள் நீங்கள் மருந்தடித்தது முதலாளி பெயரில் இருக்கும் லைசென்ஸை வைத்து. வேலையை விட்டு வந்த மறுநாளே, காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் வீட்டில் கரப்பான் மருந்து வைக்கக்கூட உங்கள் பெயரில் லைசென்ஸ் வேண்டும். 1968 பூச்சிக்கொல்லிச் சட்டமும் அதன்கீழ் வந்த 1971 விதிகளும் சொல்வது இதைத்தான்; சொந்த வீட்டுக்கு, சொந்த வயலுக்கு என்றால் இந்தத் தொல்லை இல்லை. சட்டம் சும்மா வரவில்லை. 1958-ல் கேரளத்தில், சரக்கு வந்த வழியில் ஃபாலிடால் என்ற பூச்சிமருந்து கலந்துவிட்ட மாவைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள், அதன் பிறகு நடந்த விசாரணையில் கிளம்பியது இது.

தகுதி என்று பார்த்தால் விவசாயப் பட்டம், இல்லாவிட்டால் வேதியியலை ஒரு பாடமாகப் படித்த அறிவியல் பட்டம். கூடவே குறைந்தது 15 நாள் பயிற்சிச் சான்றிதழ். மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்), ஹாபூர் தானியச் சேமிப்பு நிறுவனம், ஹைதராபாத் தாவர நல மேலாண்மை நிறுவனம் மாதிரி விதியில் சொல்லியிருக்கும் இடத்தில்தான் அதை வாங்க வேண்டும், தெருவுக்குத் தெரு கிடைக்கிற சான்றிதழ் செல்லாது. உங்களுக்கு விலங்கியல் என்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது. துணைப்பாடமாக கெமிஸ்ட்ரி படித்திருப்பீர்கள் இல்லையா, அந்த மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு வேளாண்மைத் துறை அலுவலகத்துக்குப் போய் இது போதுமா என்று முதலில் கேளுங்கள், முடிந்தால் பதிலை எழுத்தில் வாங்குங்கள். பணம் கட்டி, மைசூரில் ரூம் போட்டுத் தங்கிப் படித்துவிட்டு வந்து கேட்டால் யாரைக் குறை சொல்வது?

குடோனில் மாத்திரை போடுவது தனிக் கதை. அலுமினியம் பாஸ்பைடு, மெத்தில் புரோமைடு போன்றவற்றுக்கு மத்திய அரசின் தாவரப் பாதுகாப்பு ஆலோசகரிடம் தனி ஒப்புதல் வாங்க வேண்டும். மூன்று கிராம் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டுக் கரைந்து சாம்பல் நிறப் பொடியாகிறதே, அதற்குள் ஒரு கிராம் பாஸ்பீன் என்ற விஷ வாயு வெளியே போயிருக்கும். அந்த விஷத்துக்கு முறிவு மருந்தே கிடையாது. எங்கள் ஊர் அரிசி மண்டியில் ஒருவர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அந்த டப்பாவைத் திறந்ததை நானே பார்த்தேன், கேட்டால் "இருபது வருஷமா இப்படித்தான் சார்" என்றார். கைக்குட்டை தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்குமா? 2024 நவம்பரில் குன்றத்தூரில் வீட்டில் எலிக்கு வைத்த மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்தது ஞாபகம் இருக்கும். ஆகவே, மாத்திரை வேலையை முதல் வருஷத்தில் தொடாமல் கரையான், கரப்பானோடு ஆரம்பிப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம், லைசென்ஸைக் காப்பாற்றுகிற வேலை. மருந்தடிக்கும் ஆளை வேலைக்கு வைப்பதற்கு முன்பும், பிறகு வருஷத்துக்கு ஒரு முறையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் வகை மருந்து கையாளுபவருக்கு மாதாமாதம் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் (நரம்பு வேலைக்குத் தேவையான என்சைம், இந்த மருந்துகள் பாதிப்பது அதைத்தான்) அளவு பார்க்கச் சொல்கிறது விதி. நடைமுறையில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், உங்கள் பழைய கம்பெனியில் உங்களுக்குப் பார்த்தார்களா என்று யோசியுங்கள். காலி டப்பாவை நசுக்கிப் புதைக்க வேண்டும், பழைய இரும்புக் கடைக்குப் போடக் கூடாது. எந்த மருந்து, எவ்வளவு வாங்கினீர்கள், யார் வீட்டில் அடித்தீர்கள் என்பதை அன்றன்றே நோட்டில் எழுதுங்கள்.

கேள்வி: ட்ரோன் ஓட்டும் சான்றிதழ் வாங்கிவிட்டேன். ஊரில் கூலிக்கு மருந்தடிக்கலாம்தானே?
- மன்னார்குடி வாசகி

பதில்: நீங்கள் வாங்கியிருப்பது பறக்கவிடுவதற்கான சான்றிதழ் அம்மா. அது 10 வருஷம் செல்லும், இடையில் புத்தாக்கப் பயிற்சி அறிவித்தால் போக வேண்டும். ஆனால் 1971 விதிகளில் 'பூச்சி ஒழிப்புப் பணி' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில், காசுக்காக வயலில் வான்வழியே மருந்தடிப்பதும் அடக்கம். ஆகவே சேலத்துக்காரருக்குச் சொன்ன அதே வேளாண்மைத் துறை அலுவலகத்தில், லைசென்ஸ் வேண்டுமா என்ற கேள்வி உங்களுக்கும் பாக்கி இருக்கிறது. உங்கள் சொந்த நெல் வயலுக்கு என்றால் அந்தக் கேள்வி எழாது. பக்கத்து வயலில் மீன் குட்டையோ தேனீப் பெட்டியோ இருந்தால் முந்தின நாளே சொல்லிவிட்டு, காற்று அடங்கிய காலை நேரத்தில் அடியுங்கள்.