பதினைந்து வருட கார்டு கேப்புக்குத்தான், பல்லுக்கு அல்ல

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து செராமிக் கேப் போட்டேன். எட்டு மாதத்தில் வறுத்த கடலை கடித்தபோது ஒரு மூலை பெயர்ந்துவிட்டது. உள்ளே சாம்பல் நிறம் தெரிகிறது. ஜிர்கோனியா போட்டால் உடையவே உடையாது, 15 வருட வாரண்டி கார்டும் உண்டு என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: சாம்பலாகத் தெரிவது உலோகம். அதன்மேல் பீங்கான் ஏற்றிச் சுட்ட கேப்பைத்தான் உங்களுக்குப் போட்டிருக்கிறார்கள். கடலைமேல் பழி போடாதீர்கள். வளைக்கும் விசையை அந்தப் பீங்கான் சுமார் 100 மெகாபாஸ்கல் (பலத்தை அளக்கும் அலகு) வரைதான் தாங்கும். ஜிர்கோனியா என்பது உலோகமில்லாத, கெட்டியான வெள்ளைச் செராமிக். அதில் வழக்கமான வகை 1000-ஐ ஒட்டித் தாங்கும். விரிசல் கிளம்பினால் அதன் முனையிலுள்ள ஜிர்கோனியா படிகங்கள் 3 முதல் 5 சதவீதம் பருத்து விரிசலை நெருக்கிப் பிடிக்கும். பீங்கானுக்கு அந்தக் குணம் கிடையாது. ஆகவே ஜிர்கோனியாவுக்கு மாறுவது சரிதான்.

ஆனால் எந்த ஜிர்கோனியா? அதன்மேலும் பீங்கான் ஏற்றித் தருகிறார்கள். அது உங்கள் பழைய கேப் மாதிரியே பெயரும். பல்லைப் போலவே ஒளி ஊடுருவும் வகை ஜிர்கோனியாவும் உண்டு, முன்பல்லுக்கு அழகு, பலம் குறைவு. "ஒரே கட்டியில் கடைந்ததா, மேலே பூச்சு இருக்கிறதா?" என்று கேளுங்கள். கேப் ஒட்டும்போது கடி உயரமென்று தேய்த்தால், பாலிஷ் போடாமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள். கண்ணாடியில் கீறின கோட்டிலேயே அது உடைவதுபோல, பர் (தேய்க்கும் சுழல்முனை) விட்ட கீறலில்தான் விரிசல் பிறக்கும். எதிர்ப் பல்லையும் அது அராவித் தின்னும்.

இனி அந்தக் கார்டு. கேப் உடைந்தால் அதைத் தயாரித்த லேப் இன்னொன்று செய்து தரும் என்பதற்கு மேல் பெரும்பாலும் அதில் ஒன்றுமிருக்காது. டாக்டர் கட்டணம் உங்களுடையது. கேப்புக்குள் பல்லே பிளந்தால் அதுவும் உங்களுடையது. கார்டைக் காட்டி ஆள் பிடிக்கிற ஏஜெண்டுகள் இதைச் சொல்வதில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இவர்களுக்கு நல்ல வேட்டை. ஆழ்துளைக் கிணற்று ஃப்ளூரைடால் பல் பழுப்பேறிய பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால் போதும், "பெங்களூரில் எல்லாப் பல்லுக்கும் கேப் போட்டுவிடலாம்" என்று வந்து நிற்பார்கள். கறைக்காக நல்ல பல்லைச் சுற்றிலும் சீவுவது அநியாயம். சீவின பல் மறுபடி வளராது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்து இத்தனை வருடமாகியும் குழந்தைகள் போர்த் தண்ணீர் குடிக்கிற ஊர்கள் இருப்பதைக் கேட்க ஆளில்லை. ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிவிட்டு பில்லில் வெறும் 'கேப்' என்று எழுதுவதையும் யாரும் தட்டிக் கேட்பதில்லை. பொருளின் பெயரை எழுதி வாங்குங்கள்.

ஒரு விலக்கு உண்டு. உங்கள் பல் குட்டையாக இருந்தால், அல்லது எதிர்ப் பல் இறங்கி இடமே இல்லையென்றால், கடிக்கும் பக்கத்தில் ஜிர்கோனியாவுக்கு ஒரு மில்லிமீட்டர் கனம்கூடக் கிடைக்காது. அதற்காக மேலும் சீவினால் கேப்பைப் பிடித்துக்கொள்ள பல்லே மிஞ்சாது. அப்போது முழு உலோகக் கேப்பே மேல். அதற்குக் கொஞ்சமாகச் சீவினால் போதும், பெயர்வதற்கு மேலே பூச்சும் இல்லை. கடைசிப் பல்லின் நிறத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? லாபம் குறைவென்பதால் இதை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. வெட்கப்படாமல் நீங்களே கேளுங்கள்.

அவசரமாகக் கழற்றவும் வேண்டாம். விளிம்பு நாக்கில் குத்தினால் வழவழப்பாக்கினால் இப்போதைக்குப் போதும். ஆனால் வேர் சிகிச்சை செய்த பல், அடியில் சொத்தை பிடித்தாலும் வலி காட்டாது. அதனால் ஒரு எக்ஸ்ரே எடுத்து, கேப்பின் ஓரம் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.