சாப்பாட்டுக்கு அப்புறம் வகுப்பை எழுப்புவது எப்படி?

கேள்வி: பண்ருட்டி பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். நான்காம் வகுப்பில் 15 பேர், ஐந்தாம் வகுப்பில் 12 பேர். இரண்டு வகுப்பும் ஒரே அறையில், என் பொறுப்பில். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாதிப் பேருக்குக் கண் சொருகிவிடுகிறது. கேள்வி கேட்டால் அதே நாலு பேர்தான் கை தூக்குகிறார்கள். ஏதாவது செயல்பாடு வைத்தால் சத்தம் தாங்க முடிவதில்லை, பாடமும் நகர்வதில்லை. செலவில்லாமல் என்ன செய்யலாம்?

பதில்: டீச்சர், நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்வி மாதிரி தெரிந்தாலும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. அந்த அறையில் ஒரு நேரத்தில் யோசிக்கிறவர்கள் நாலைந்து பேர், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். வயிறு நிறைந்த பிள்ளை சும்மா காத்திருந்தால் தூங்கத்தான் செய்யும். அதனால் எந்தச் செயல்பாட்டை எடுத்தாலும் முதலில் ஒன்றைப் பாருங்கள்: இதில் 27 பேரும் ஒரே சமயத்தில் மூளையைப் போட்டாக வேண்டுமா? தெர்மாகோல் வீடு, சார்ட்டில் படம் ஒட்டுவது எல்லாம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் ஒருவர் வெட்டுவார், ஒருவர் ஒட்டுவார், பாதி வேலை வீட்டில் அம்மா செய்தது. மதிய வேளைக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உடனே செய்யக்கூடியது சிலேட்டு. கேள்வி கேட்டதும் யாரும் கை தூக்கக் கூடாது. எல்லோரும் சிலேட்டில் விடை எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் 'ஏன் அப்படி எழுதினாய்' என்று ஒரு நிமிடம் பேச வேண்டும். நீங்கள் சொன்னதும் 27 சிலேட்டும் ஒன்றாக மேலே வரும். யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். தப்பான விடையையும் சரியான விடையையும் பேர் சொல்லாமல் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, 'இதில் எது, ஏன்?' என்று கேளுங்கள். பேசவே பேசாத பிள்ளை இந்த இடத்தில் வாய் திறப்பதைப் பார்ப்பீர்கள்.

சரி, இனி கையால் செய்கிற வேலைக்கு வருவோம். கணக்கில் பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்குகிற இடம் ஒன்று சொல்கிறேன். 304-லிருந்து 127-ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு சிலேட்டிலாவது 223 வரும். ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்து வைத்திருக்கும் அந்தப் பிள்ளை. 'கடன் வாங்கு' என்று நாம் சொல்லிக்கொடுத்தது வெறும் மந்திரமாக நின்றுவிட்டது, கடன் எங்கிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது.

இதற்குப் புளியங்கொட்டை போதும். புளி உடைக்கிற வீடுகளில் சொல்லிவைத்தால் பை நிறையக் கிடைக்கும். உங்கள் ஊரில் எளிதாகக் கிடைக்கிறதே என்று உடைக்காத முந்திரிக்கொட்டையை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதன் ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும், உங்கள் பிள்ளைகளில் பலருக்கே இது தெரிந்திருக்கும்.

நாலு பேருக்கு ஒரு குழு வைத்தால் ஏழு குழு வரும், ஒன்றில் மட்டும் மூன்று பேர். முதல் நாள் பொட்டலம் மடிக்கும் வேலை. பழைய செய்தித்தாளில் பத்துப் பத்துக் கொட்டையாக எண்ணிப் பொட்டலம் கட்ட வேண்டும். பத்துப் பொட்டலத்தைக் கழுவிக் காயவைத்த பால் கவர் ஒன்றில் போட்டால் அது நூறு. ஒவ்வொரு குழுவிடமும் மூன்று கவர், நாலு உதிரிக் கொட்டை இருந்தால் அது 304. இதை ஒரு தடவை செய்து பெட்டியில் வைத்துக்கொண்டால் வருடம் முழுக்க ஓடும்.

மறுநாள் நான்காம் வகுப்புக் குழுக்களிடம், '127 கொட்டை எனக்குத் தாருங்கள்' என்று கேளுங்கள். ஏழு உதிரி வேண்டும், கையில் நாலுதான் இருக்கிறது. பொட்டலத்தைப் பிரிக்கலாம் என்றால் தனிப் பொட்டலமே இல்லை. இந்த இடத்தில் நீங்கள் வாயே திறக்கக் கூடாது. கொஞ்ச நேரம் முழிப்பார்கள், ஒருவரோடு ஒருவர் வாதாடுவார்கள், அப்புறம் யாராவது ஒரு பிள்ளை கவரைப் பிரித்துப் பத்துப் பொட்டலத்தைக் கொட்டும், அதில் ஒன்றையும் பிரிக்கும். இப்போது இரண்டு கவர், ஒன்பது பொட்டலம், 14 உதிரி. கொடுத்தது போக 177 மிச்சம். சுழியத்துக்கு மேல் 9 என்று ஏன் எழுதுகிறோம் என்பதை இனி நீங்கள் விளக்கத் தேவையில்லை.

அதே நேரத்தில் ஐந்தாம் வகுப்பை மட்டும் ஆறு ஆறு பேராக உட்கார வைத்து, அதே 304-ஐ ஆறு பேருக்குச் சமமாகப் பங்கு போடும் வேலை. கவர்களைப் பிரித்தால் 30 பொட்டலம், ஆளுக்கு ஐந்து. நாலு உதிரியைப் பங்கிட முடியாது, மீதி 4. நோட்டில் இதே கணக்கைப் போடும்போது ஈவை 5 என்று எழுதிவிட்டுச் சுழியத்தை விட்டுவிடுகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. ஐந்து பொட்டலத்தைக் கையில் வைத்திருக்கிற பிள்ளை தனக்குக் கிடைத்தது 5 இல்லை, 50 என்று தானே சொல்லும். இரண்டு வகுப்புக்கும் பொருள் ஒன்று, வேலை வேறு. ஒரே அறையில் இரண்டு வகுப்பை வைத்திருக்கிற உங்களுக்கு இதுதான் பெரிய ஆறுதல்.

அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோமே, வாசிப்புக்கு அந்தப் பிரிவு சரியாக வரும். இந்த மாதிரி வேலைக்கு மட்டும் எல்லா நிலைப் பிள்ளைகளையும் கலந்து உட்கார வையுங்கள். மெதுவாகப் படிக்கிற பிள்ளை கைவேலையில் முந்திக்கொள்வதை மற்றவர்கள் பார்ப்பது நல்லது.

இன்னொரு நாள் முற்றத்துக்குப் போய்க் கோலம். நேர்ப்புள்ளி 3-லிருந்து 1 வரை (நடு வரிசையில் 3, மேலேயும் கீழேயும் வரிசைக்கு இரண்டிரண்டாகக் குறைத்து) வைத்தால் மொத்தம் 5 புள்ளி, 5-லிருந்து 1 வரை 13, 7-லிருந்து 1 வரை 25. 'அடுத்த கோலத்துக்கு எத்தனை புள்ளி? வைக்காமல் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். கூடிய புள்ளி 8, அதற்கப்புறம் 12 என்று கண்டுபிடிக்கிற பிள்ளை 16 கூட்டி 41 என்று சொல்லிவிடும். பையன்களையும் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

அறிவியலுக்கு ஒரு நேர்க்குச்சி. முற்றத்தில் நட்டு, காலை, உச்சி, மாலை என்று நிழலின் நுனியில் கல் வைத்து, நீளத்தை அளந்து எழுதச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 20-ஐ ஒட்டி கடலூர், புதுச்சேரிப் பக்கம் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நாட்களில் பகல் 12.15 வாக்கில் குச்சிக்கு நிழலே இருக்காது. மேகம் ஏமாற்றிவிடலாம், அதனால் முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் பாருங்கள். இருபது வயதுக்கு அப்புறமும் மறக்காத பாடம் இது.

சத்தத்தைப் பற்றி. குழு வேலையில் பேச்சுச் சத்தம் இருக்கத்தான் செய்யும், அதை அடக்கினால் வேலையும் நின்றுவிடும். ஆனால் நிறுத்துவதற்கு ஓர் அடையாளம் கட்டாயம் வேண்டும். நீங்கள் மூன்று தட்டு தட்டினால் அவர்கள் இரண்டு தட்டு தட்டிக் கையைக் கட்ட வேண்டும். செயல்பாடு எதுவும் இல்லாத நேரத்தில் இதை விளையாட்டாகப் பழக்கிவிடுங்கள். கொட்டைகளைக் கையில் கொடுத்துவிட்டுக் கத்தினால் யாருக்கும் கேட்காது. என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் பொருளைக் கொடுப்பதற்கு முன்பே சொல்லி, ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்ல வையுங்கள்.

பாடம் முடியாது என்ற கவலை நியாயம்தான். எல்லாப் பாடத்துக்கும் செயல்பாடு வேண்டாம். பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழுகிற இடங்களைக் குறித்து வைத்து, அவற்றுக்கு மட்டும் வையுங்கள், வாரத்துக்கு ஒன்று வந்தாலே அதிகம். அரை மணியில் முடியட்டும். கடைசி ஐந்து நிமிடம் நோட்டுக்கு. செய்ததைப் படமாக வரைந்து, பக்கத்தில் கணக்காக எழுதி, தேதி போட வேண்டும். இதை விட்டுவிட்டால் கொட்டையோடு விளையாடியது மட்டும் நினைவிருக்கும், கணக்கு நிற்காது. பார்வையிட வருகிற அதிகாரி 'என்னம்மா, கொட்டை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்?' என்று கேட்டால் அந்த நோட்டை எடுத்துக் காட்டுங்கள். கூடவே, வேலைக்கு முன்னால் 223 என்றும் பின்னால் 177 என்றும் எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு விளக்கச் சொல்லுங்கள்.