பிரைமரியில் ஆம்ப்ஸ் ஏறவில்லையே, அப்படியானால் கரண்ட் இலவசமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பல ஒரே சரக்கைச் சுற்றித்தான்: கொடுத்ததைவிட அதிகம் திருப்பித் தரும் ட்ரான்ஸ்ஃபார்மர். வாஷிங் மெஷின் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அவை அடுத்த முறை.

கேள்வி: 18,500 ரூபாய்க்கு ஒரு கிட் விற்கிறார்கள். கோரின் (காயில் சுற்றும் இரும்புச் சட்டம்) நடுவில் காந்தம், இரண்டு பக்கமும் காயில், ஒரு கண்ட்ரோல் போர்டு. பேட்டரியிலிருந்து 40 வாட்ஸ் கொடுத்தால் 100 வாட்ஸ் வரும் என்கிறார்கள். வீடியோவில் எல்.ஈ.டி. பல்பு மூன்று நாளாக எரிகிறது. வாங்கலாமா? (வாசகர், திருப்பூர்)

வாங்காதீர்கள்.

நீங்கள் சொல்லும் அமைப்பு புதிதல்ல. டாம் பியர்டன் உள்ளிட்ட ஐந்து பேர் 2002 மார்ச் 26 அன்று இதற்கு அமெரிக்கப் பேடன்ட் வாங்கினார்கள், எண் 6,362,718. சுழலும் பாகம் எதுவும் இல்லாத மின்காந்த ஜெனரேட்டர் என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுக்க எத்தனையோ பேர் வீட்டு மேஜையில் இதைச் சுற்றிப் பார்த்துவிட்டார்கள். பேட்டரியும் பிளக்கும் இல்லாமல் தானே ஓடும் ஒன்றை முறையான சோதனைக்கு வைத்தவர் யாரும் இல்லை. கடையில் வாங்கக் கிடைக்கும் பொருளாகவும் அது வரவில்லை.

நடுவில் இருக்கும் காந்தத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறார்கள். காந்தம் பெட்ரோல் டாங்க் அல்ல. கோரில் ஒரு பக்கத்துக்குக் காந்த ஓட்டத்தைத் தள்ளும்போது கொஞ்சம் கைகொடுக்கும். திரும்பிக் கொண்டுவரும்போது அதே அளவு இழுத்துப் பிடிக்கும். ஒரு சுற்று முடிந்தால் வரவும் செலவும் சரி. மிச்சம் இருப்பது கம்பியும் கோரும் சூடான நஷ்டம்தான்.

சரி, மூன்று நாள் எரிந்த பல்பு? 12 வோல்ட், 7 ஆம்ப்ஸ்-ஹவர் பேட்டரியில் 84 வாட்-ஹவர் இருக்கிறது. 1 வாட் எல்.ஈ.டி.யை அது மூன்று நாளைத் தாண்டியும் எரிய வைக்கும். ட்ரான்ஸ்ஃபார்மரே தேவையில்லை, இரண்டு ஒயர் போதும். "ராத்திரி 11.9 வோல்ட் இருந்த பேட்டரி காலையில் 12.3 ஆகிவிட்டது, தானே சார்ஜ் ஏறுகிறது" என்றும் காட்டுவார்கள். லோடை எடுத்துவிட்டால் எந்த லெட்-ஆசிட் பேட்டரியும் அப்படி ஏறத்தான் செய்யும். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம்.

விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். வெளியே வரும் 100 வாட்ஸில் 40-ஐ எடுத்து இன்புட்டிலேயே கொடுத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். மீதி 60 வாட்ஸில் ஒரு டேபிள் ஃபேன் ஓடட்டும். இதற்குத் தேவையான 12 வோல்ட் அடாப்டர் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். "அப்படிச் செய்தால் ஃபீல்டு கலைந்துவிடும் சார்" என்று பதில் வந்தால், உங்கள் 18,500 பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: நான் எதையும் வாங்கவில்லை, நானே சுற்றினேன். மூன்று கால் கோர். நடுக்காலில் 230 வோல்ட் பிரைமரி (கரண்ட் உள்ளே போகும் காயில்), இரண்டு பக்கக் கால்களில் செகண்டரி (லோடுக்குக் கொடுக்கும் காயில்). லோடு இல்லாமல் கிளாம்ப் மீட்டர் 1 ஆம்ப் காட்டுகிறது. 60 வாட்ஸ் குண்டு பல்பைச் செகண்டரியில் போட்டாலும் அதே 1 ஆம்ப்தான், கடைசி இலக்கம் லேசாக ஆடுகிறது, அவ்வளவுதான். பல்பு நன்றாக எரிகிறது. அந்த 60 வாட்ஸ் எங்கிருந்து வருகிறது? (வாசகர், மதுரை)

ஈபியிலிருந்துதான் வருகிறது. ஆனால் கேள்வி அருமையானது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதே இடத்தில் நானும் ஒரு முறை மாட்டியவன். பழைய ஸ்டெபிலைசர் கோரைப் பிரித்து மறுபடி சுற்றி, லோடு போட்டும் முள் நகரவில்லை என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் ஒரு நண்பர் வாட்மீட்டரைக் கொண்டுவந்து வைத்தார். பத்து நிமிஷத்தில் தெளிந்துவிட்டது.

லோடு இல்லாத ட்ரான்ஸ்ஃபார்மர் இழுக்கும் அந்த 1 ஆம்ப் பெரும்பாலும் கோரைக் காந்தமாக்க மட்டும் போய்வரும் கரண்ட். வோல்டேஜுக்கு ஏறக்குறைய 90 டிகிரி பின்தங்கி வரும். கால் சுற்றில் உள்ளே போனது அடுத்த கால் சுற்றில் லைனுக்கே திரும்பிவிடும். 230 வோல்ட், 1 ஆம்ப் என்று பெருக்கி 230 வாட்ஸ் என்று சொன்னால் தப்பு; கோர் சூடாகும் சில வாட்ஸ்தான் உண்மையில் செலவு.

இப்போது பல்பைப் போடுகிறீர்கள். அதற்கும் வைண்டிங் நஷ்டத்துக்கும் சேர்த்துப் பிரைமரியில் 0.3 ஆம்ப் கூடுதலாக வரவேண்டும். ஆனால் இது வோல்டேஜோடு சேர்ந்து வரும் கரண்ட், முன்னதற்குச் செங்குத்தானது. அதனால் 1-ம் 0.3-ம் கூட்டினால் 1.3 ஆகாது. தெற்கே 100 அடி நடந்து, அங்கிருந்து கிழக்கே 30 அடி நடந்தால், புறப்பட்ட இடத்துக்கு நேர்கோட்டில் எவ்வளவு தூரம்? 104 அடிதான். அதே கணக்கு இங்கேயும்: 1.04 ஆம்ப். உங்கள் கிளாம்ப் மீட்டரில் கடைசி இலக்கம் ஆடியதே, அதுதான் இது. அந்த ஆட்டத்துக்குள் 230 பெருக்கல் 0.3, அதாவது 69 வாட்ஸ் ஒளிந்திருக்கிறது.

செகண்டரியில் ஒரு கெப்பாசிட்டரையும் சேர்த்துப் பாருங்கள், லோடு போட்டதும் பிரைமரி ஆம்ப்ஸ் இறங்கக்கூடச் செய்யும். அதை வீடியோ எடுத்தால் லட்சம் பேர் பார்ப்பார்கள். கனடாவின் தேன் ஹெய்ன்ஸ் 'பை-டோராய்டு' என்ற பெயரில் பிரபலமாக்கியதும் இந்த வகை அமைப்புதான். செகண்டரியின் லோடு பிரைமரிக்குத் தெரியாது என்பது அவர் வாதம். ஆம்மீட்டருக்குத் தெரியாமல் போகலாம், வாட்மீட்டருக்குத் தெரியும்.

ஆகவே நீங்கள் வாங்க வேண்டியது பவர் ஃபேக்டரும் (கரண்ட் வோல்டேஜோடு எவ்வளவு சேர்ந்து வருகிறது என்ற அளவு) வாட்ஸும் காட்டுகிற பிளக்-இன் எனர்ஜி மீட்டர். ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டத்தில் கிடைக்கும். அதுவும் வேண்டாம் என்றால் வீட்டு ஈபி மீட்டரே போதும். அதில் சிமிட்டும் சின்ன சிவப்பு விளக்கின் பக்கத்தில், ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், 100 வாட்ஸ் லோடுக்கு மூன்று நிமிஷத்தில் 16 சிமிட்டல். ஃபிரிட்ஜ் உட்பட வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, உங்கள் ட்ரான்ஸ்ஃபார்மரைப் பல்பு இல்லாமல் ஒரு முறையும் பல்போடு ஒரு முறையும் ஓட்டி எண்ணுங்கள். இரண்டுக்கும் நடுவில் பத்துச் சிமிட்டலாவது வித்தியாசம் வரும்.

பின்னால் டிரான்சிஸ்டர் போட்டு, கூர்கூராகப் பல்ஸ் அடிக்கும் சர்க்யூட்டுக்குப் போனீர்கள் என்றால் இன்னொரு குழி இருக்கிறது. ஆசிலாஸ்கோப்பில் 100 வோல்ட் உச்சம் தெரியும், லோடு 100 ஓம், "ஆஹா 100 வாட்ஸ்" என்று குதிக்கத் தோன்றும். அந்தப் பல்ஸ் நூற்றில் ஐந்து பங்கு நேரம்தான் இருக்கிறது என்றால் சராசரி 5 வாட்ஸ். சாதாரண மல்டிமீட்டர் இந்த மாதிரி அலைகளில் என்ன வேண்டுமானாலும் காட்டும்.

எனவே அவுட்புட்டை மீட்டரில் பார்க்காமல் தண்ணீரில் பாருங்கள். செகண்டரி வோல்டேஜுக்கு ஏற்ற, நன்றாக இன்சுலேஷன் செய்த ஹீட்டிங் காயிலை ஒரு லிட்டர் தண்ணீரில் இறக்கி, பாத்திரத்தைத் தெர்மக்கோலில் சுற்றிவிடுங்கள். நிஜமாகவே 100 வாட்ஸ் வந்தால் பத்து நிமிஷத்தில் 14 டிகிரி ஏறவேண்டும். 3 டிகிரிதான் ஏறுகிறதா? வருவது 20 வாட்ஸ்தான், அலை எந்த வடிவில் இருந்தாலும் சரி. சர்க்யூட் ஓடும்போது தண்ணீரில் விரல் வைக்காதீர்கள், தெர்மாமீட்டர் போதும்.

சுற்றுவதை நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று கால் கோரைக் கையால் சுற்றியவருக்கு லீக்கேஜ் ஃப்ளக்ஸ் (கோரை விட்டு வெளியே கசியும் காந்த ஓட்டம்) பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்காது.

கேள்வி: கிட் விற்பவர் பேடன்ட் எண்ணைக் காட்டுகிறாரே? அரசாங்கம் சோதிக்காமலா கொடுக்கும்? (வாசகர், சேலம்)

பேடன்ட் அலுவலகம் பொதுவாகப் பொருளை ஓட்டிப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறது. ஓட்டிப் பார்த்த அபூர்வமான ஒரு சம்பவம் உண்டு. அமெரிக்காவின் ஜோசப் நியூமன், தன் மெஷின் வாங்குவதைவிட அதிகம் தருகிறது என்று பேடன்ட் கேட்டு, மறுக்கப்பட்டு, நீதிமன்றம் போனார். நீதிமன்றம் மெஷினைச் சோதிக்கச் சொன்னது. தேசிய அளவீட்டு நிறுவனம் 1986-ல் அளந்தது. அவுட்புட் ஒரு தடவைகூட இன்புட்டைத் தொடவில்லை.

நம் நாட்டுப் பேடன்ட் சட்டத்தில் பிரிவு 3(ஏ) இருக்கிறது. நிலைபெற்ற இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணான எதற்கும் பேடன்ட் கிடையாது. அப்புறம், அவர் காட்டும் எண்ணை உற்றுப் பாருங்கள். விண்ணப்பம் போட்டாலே ஓர் எண் கிடைக்கும். முத்திரையோடு இருக்கும் ரசீதை லேமினேட் செய்து, சான்றிதழ் என்று மாட்டிவைப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணைப் பேடன்ட் அலுவலகத்தின் இணையத் தேடலில் போட்டால் விண்ணப்பமா, வழங்கப்பட்டதா என்று இலவசமாகவே தெரிந்துவிடும்.

கேள்வி: என் அண்ணன் இந்த ட்ரான்ஸ்ஃபார்மருக்கு மாவட்ட டீலர்ஷிப் எடுத்து 1.5 லட்சம் கட்டிவிட்டார். வந்த ஐந்து பெட்டியும் வேலை செய்யவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? (வாசகி, நாகர்கோவில்)

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது அம்மா. மறுபடி விற்பதற்காக வாங்கியவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நுகர்வோர்' என்று ஏற்பதில்லை. சுயதொழிலுக்காக வாங்கிய பொருள் என்றால் விலக்கு உண்டு. ஆனால் அது தானே பயன்படுத்திப் பிழைக்க வாங்கியதற்கு, கைமாற்றி விற்க வாங்கியதற்கு அல்ல. உங்கள் அண்ணனுக்குப் போலீஸ் புகார்தான் நேர் வழி. மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 318, நாம் முன்பு 420 என்று சொன்னது. பணம் ஆன்லைனில் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு இன்றைக்கே கூப்பிடுங்கள். நாள் கடந்தால் கணக்கில் பணம் இருக்காது. அந்த ஐந்து பெட்டிகளையும் திறக்காமல் வையுங்கள், வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள்.

இதே பெட்டியை வீட்டு உபயோகத்துக்கு ஒன்றிரண்டு வாங்கியவர்கள் தனியாக மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகார் பதிவு செய்வது நல்லது. சங்கடமான விஷயம், உங்கள் அண்ணன் யாருக்காவது விற்றிருந்தால் அவர்கள் வழக்கில் அவரும் எதிர்த்தரப்பாக வரலாம். விற்காமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: பிளக்கில் சொருகினால் மின்கட்டணம் குறையும் 'பவர் சேவர்' பெட்டி? (வாசகர், தஞ்சாவூர்)

உள்ளே ஒரு கெப்பாசிட்டர், ஒரு எல்.ஈ.டி. பவர் ஃபேக்டரைச் சரிசெய்வது மில்லுக்கும் கம்பெனிக்கும் காசு மிச்சம் பிடிக்கும். வீட்டுக்கு யூனிட் கணக்கில்தான் பில். அதில் ஒரு பைசாவும் குறையாது.

கேள்வி: இந்த மாதிரி சோதனைக்குப் பழைய மைக்ரோவேவ் அவன் ட்ரான்ஸ்ஃபார்மர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (மாணவர், கோயம்புத்தூர்)

வேண்டாம் தம்பி. அதன் செகண்டரியில் சுமார் 2000 வோல்ட், ஆளைக் கொல்லத் தேவையானதைவிடப் பல மடங்கு கரண்டோடு வரும். செகண்டரியின் ஒரு முனை கோரிலேயே இணைந்திருக்கும். வீட்டில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது, ட்ரிப் ஆகிவிடும் என்று நினைக்காதே. அது பார்ப்பது பிரைமரிப் பக்கத்தை. செகண்டரியில் நீ மாட்டினால் அதற்குத் தெரியவே தெரியாது. மைக்ரோவேவ் அவனிலிருந்து கெப்பாசிட்டரையும் கழற்றி எடுத்திருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். 12-0-12 வோல்ட் சாதா ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கு, பிரைமரியில் ஃபியூஸ் போடு, காலில் செருப்பு இருக்கட்டும்.