ஒரு கிலோ பருப்பில் ஒரு மாதம்: ரேஷன் சமையல் கேள்வி பதில்

சத்துணவு மையத்தில் இருபத்தைந்து வருடம் சமைத்து ஓய்வு பெற்றவள் நான். கொடுத்த அளவுக்குள் சமைப்பதுதான் அங்கே வேலை. பருப்பு தீர்ந்துவிட்டதென்று பிள்ளைகளிடம் சொல்ல முடியாது. அந்தப் பழக்கம் இன்றும் வீட்டில் உதவுகிறது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

அம்மா, வீட்டில் ஐந்து பேர். ரேஷனில் துவரம் பருப்பு ஒரு கிலோதான். பத்தாம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. வெளியே வாங்கினால் கட்டுப்படியாகவில்லை.

எல்லா வீட்டிலும் இதுதான் கதை. அரிசி விலையில்லாமல் தாராளமாகக் கிடைக்கிறது. முப்பது ரூபாய்ப் பருப்பு கார்டுக்கு ஒரு கிலோதான். அதனால் மாதக் கணக்கை அரிசியில் தொடங்காமல் பருப்பில் தொடங்குங்கள். ஒரு கிலோவை முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 33 கிராம், ஒரு கைப்பிடிகூட வராது. தினமும் சாம்பார் வைத்தால் எப்படிக் கட்டும்?

வாரத்தில் மூன்று நாள் சாம்பார், தடவைக்கு 60 கிராம் என்று வையுங்கள். பன்னிரண்டு சாம்பாருக்கு 720 கிராம் போகும். மிச்சம் 280 கிராம் கூட்டுக்கும் ரசத்துக்கும். 60 கிராமில் ஐந்து பேருக்குச் சாம்பார் நீர்த்துப் போகுமே என்பீர்கள். பரங்கிக்காயைப் பருப்போடு சேர்த்தே வேகவைத்து, பாதியை மசித்துவிடுங்கள். அப்புறம் தனியா, மிளகாயோடு ஒரு ஸ்பூன் அரிசியையும் சிவக்க வறுத்து அரைத்து ஊற்றுங்கள். குழம்பு கெட்டிப்படும், வாசனையும் தூக்கும். என் மாமியார் கடைசி வரை இதைக் கண்டுபிடிக்கவில்லை.

மற்ற நாட்களில் புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, கீரை மசியல். ஒரு நாள் தட்டைப்பயறு, ஒரு நாள் கொள்ளு. கொள்ளை வேகவைத்த தண்ணீரில் ரசம் வைத்து, வெந்த பயறைத் தாளித்து மசித்தால் ஒரே அடுப்பில் இரண்டு பதார்த்தம். கொங்குப் பக்கத்து வீடுகளில் இதைச் சொல்லித்தரவே வேண்டாம். கவுச்சி சாப்பிடுபவர்கள் என்றால் கைப்பிடி நெத்திலிக் கருவாடு போதும், அன்றைக்குப் பருப்பு ஞாபகமே வராது.

ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் மிதக்கின்றன. பிளாஸ்டிக் அரிசி என்கிறார்கள். பொறுக்கி எறிகிறேன், சரியா?

எறியாதீர்கள். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவத்தில் வார்த்து எடுத்தது. நூறு மணிக்கு ஒரு மணி என்ற கணக்கில் கலந்தது. நிறமும் எடையும் கொஞ்சம் வேறாக இருப்பதால் கண்ணில் படுகிறது, சிலது மிதக்கிறது. ரத்தசோகைக்காகச் சேர்த்ததைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மருந்துக்கடையில் இரும்பு மாத்திரை வாங்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாறு தண்ணீரில் அலசவும் வேண்டாம், இரண்டு தண்ணீர் போதும். தலசீமியா, அரிவாள் செல் சோகை என்ற பிறவி ரத்த நோய்கள் உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

சோற்றில் ஒரு வாடை வருகிறது அக்கா. பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள்.

மூட்டையில் நாள்பட்ட அரிசியின் வாடை அது. வெதுவெதுப்பான தண்ணீரில் களைந்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். குக்கரில் வைக்காமல் நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடியுங்கள். வாடை கஞ்சியோடு பெரும்பாலும் போய்விடும். வாடை இல்லாத மாதத்தில் வடிகஞ்சியைக் கொட்டாமல் உப்பும் மோரும் விட்டுக் குடிக்கலாம். அப்படியும் தள்ளுகிற பிள்ளைக்குப் புளிசாதமாகவோ எலுமிச்சை சாதமாகவோ கிளறிக் கொடுங்கள். எங்கள் மையத்திலும் வெறும் சோற்றைத் தள்ளியவன் புளிசாதத்துக்கு வரிசையில் முதலில் நிற்பான்.

ரேஷன் அரிசியில் இட்லி கல் மாதிரி வருகிறது.

குற்றம் அரிசியில் இருக்காது, பழைய உளுந்தில்தான் இருக்கும். நாள்பட்ட உளுந்து எவ்வளவு அரைத்தாலும் பொங்காது. நாலு பங்கு புழுங்கல் அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்து விலை ஏறிய மாதத்தில் அஞ்சுக்கு ஒன்று போட்டு, அரிசி அரைக்கும்போது ஒரு கரண்டி மிஞ்சிய சோற்றைச் சேருங்கள், மெத்தென்று வரும். உளுந்தைக் குளிர்ந்த தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். மாவைக் கையால் கரைத்து வையுங்கள்.

கோத்தகிரியில் இருக்கிறோம். பாமாயில் பாக்கெட்டிலேயே உறைந்து கிடக்கிறது. கெட்டுப்போனதா?

இல்லை. தேங்காய் எண்ணெய் மாதிரி இதுவும் குளிரில் உறையும். வெந்நீரில் பாக்கெட்டைப் பத்து நிமிடம் போட்டு வையுங்கள், இளகிவிடும்.

அந்த ஒரு லிட்டர் பாமாயிலும் எங்களுக்குப் பத்தவில்லையே?

பாக்கெட்டிலிருந்து சட்டிக்கு நேராக ஊற்றினால் பத்தாதுதான். ஒரு சின்ன கிண்ணத்தில் அன்றைய எண்ணெயை ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மேசைக்கரண்டி. அதற்குள் அன்றைய சமையல் முடிய வேண்டும். பொரியலுக்குக் காயை எண்ணெயில் வதக்க வேண்டாம்; தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்து, கடைசியில் ஒரு ஸ்பூனில் தாளித்துக் கொட்டினால் போதும். அப்பளமும் பஜ்ஜியும் பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும் சிக்கனம் மட்டும் வேண்டாம், உடம்புக்குக் கெடுதல். அப்பளத்தைத் தணலில் சுட்டால் இன்னும் ருசி.

கோதுமையை மில்லில் கொடுத்து மாவாக்கத்தான் முடியுமா?

எல்லாவற்றையும் மாவாக்காதீர்கள். முழுக் கோதுமை மாவு சீக்கிரம் வண்டு பிடிக்கும், கசக்கவும் செய்யும். பாதியை ரவையாக உடைத்துத் தரச் சொல்லுங்கள், உப்புமாவுக்கும் கஞ்சிக்கும் ஆகும். மிச்சத்தை முழுசாக வைத்து, இரண்டு டம்ளரை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் மிளகாய், சீரகம், உப்போடு அரைத்து அப்போதே தோசை ஊற்றலாம். புளிக்கவைக்கத் தேவையில்லை. இதற்குப் பீர்க்கங்காய்த் தோல் துவையல் பொருத்தம்: தோலை வதக்கி, இரண்டு வரமிளகாய், கொஞ்சம் புளி, இருந்தால் ஒரு ஸ்பூன் உளுந்து. காயைக் கூட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ரேஷன் அரிசியைக் கோழிக்குப் போட்டுவிட்டுக் கடை அரிசி வாங்குகிறோம். வாங்காமல் விட்டால் கார்டு போய்விடும் என்று பயம்.

நாலில் ஒரு பங்கை இட்லிக்கு எடுத்துப் பாருங்கள். அடுத்த மாதம் கோழி கேட்டால் யோசிக்கலாம்.