19120-ஆ, 19301-ஆ?

வணக்கம் சகோதரி. சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே அமெரிக்க மருத்துவமனை பில்லிங் பார்க்கிறீர்கள். 'லம்பெக்டமி' (மார்பகக் கட்டியை அகற்றும் அறுவை) என்று டாக்டர் எழுதியதற்கு எந்த பில்லிங் குறியீடு, 19120-ஆ, 19301-ஆ என்று கேட்டிருந்தீர்கள். தலைப்பை நம்பாதீர்கள், அறுவைக் குறிப்பை முழுதாகப் படியுங்கள். கட்டியை மட்டும் எடுத்திருந்தால் 19120. சுற்றியுள்ள நல்ல திசுவும் சேர்த்து, விளிம்பில் புற்று மிஞ்சாதபடி கவனித்து வெட்டியதாக எழுதியிருந்தால்தான் 19301. விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையா? ஊகிக்காமல் டாக்டரிடமே எழுதிக் கேளுங்கள். குறியீடு பிசகினால் காப்புறுதிக்காரர்களிடம் அலைவது அந்த நோயாளிதான், பாவம்.

அப்புறம் அக்குள். சென்டினல் முடிச்சு (புற்று முதலில் பரவக்கூடிய நிணநீர் முடிச்சு) மட்டும் எடுத்ததற்கு 19302 வேண்டாம். அது அக்குள் நிணநீர் முடிச்சுகளைக் கொத்தாக அகற்றும்போதுதான். ஆழத்திலுள்ள முடிச்சு என்றால் 19301-உடன் 38525 போடுங்கள். அறுவையின்போது சாயம் செலுத்தித் தேடியிருந்தால் 38900-உம் சேரும்.